முதலாண்டு மாணவர்க்கான கல்வி வழிகாட்டல்: கலைச்சொற்கள் குறித்த ஒரு திறனாய்வு

புணே நகரின் வடமேற்கே, இஞ்சவடித் தகவல் தொழில்நுட்பப் பூங்காவை அடுத்து அமைந்த பகுதி வாகட். பணியின் பொருட்டுக் குடியேறிய தமிழ்க் குடும்பங்களும் இங்கு உள்ளன. அக்குடும்பங்களிலிருந்து கல்லூரியில் முதலாண்டு சேரும் மாணவர், மராத்தி, இந்தி, ஆங்கிலம் ஆகிய மும்மொழிக் கலைச்சொற்களை எதிர்கொள்ள நேர்கிறது. அவற்றைப் பெற்றோர்க்குத் தமிழில் விளக்கும் பொறுப்பும் அம்மாணவரையே சார்கிறது.

பல்கலைக்கழக மானியக் குழு, புதுமுக மாணவர் அறிமுகத் திட்டத்திற்கான வழிகாட்டியை 2019இல் 'தீட்சாரம்ப்' என்னும் பெயரால் வெளியிட்டது. பட்டமளிப்பு விழா இந்தியில் 'தீட்சாந்த்' எனப்படுதலின், தொடக்கமும் முடிவும் இணைச்சொற்களாய் அமைகின்றன. தமிழில் இவ்விணை அமையாது. தீட்சை அல்லது தீக்கை என்பது சைவ சமயக் குறியீடாகவே நின்றுவிட்டது. ஆகவே ஒலிபெயர்ப்பு ஈண்டுப் பொருளை மறைக்கும். 'புகுமுகப் பயிற்சி' என்பதே போதும்.

மராத்தியில் 'சமுபதேசன்' என்பது அறிவுரைப் பணியைக் குறிக்கும் பொதுச்சொல். தமிழ்ச் செவிக்கு அது உபதேசமாகவே படும். ஒருவர் கூற மற்றவர் கேட்டலே அங்குத் தோன்றும். இதற்கு நேராகத் தமிழ்நாட்டில் வழங்கும் 'கலந்தாய்வு' பெரிதும் சிதைந்த சொல்லாகும். 1997 முதல் பொறியியல் சேர்க்கைக்கு ஒற்றைச்சாளர முறை நடைபெற்றமையால், அச்சொல் இடம் தெரிவு செய்தலையே குறிக்கலாயிற்று. (2018இல் இது இணையவழிக்கு மாறியபின், கலத்தலும் ஆய்தலும் ஆகிய இரு உறுப்புகளும் வேலையற்றன.) இலங்கைப் பல்கலைக்கழகங்களில் வழங்கும் 'மாணவ ஆலோசகர்' என்னும் பதவிப்பெயர் இக்குழப்பத்துக்கு இடந்தரவில்லை.

'ஆற்றுப்படுத்தல்' என்னும் சொல்லை உளநல அறிவுரைக்கென ஒதுக்கியோர் அதன் மரபை ஒரு பாதியே கொண்டனர். பத்துப்பாட்டின் ஆற்றுப்படைகளில், பரிசில் பெற்றவன் பெறாதவனுக்கு வழி கூறுகிறான். கூறுவோனும் கேட்போனும் ஒரு தொழிலினர். மூத்த மாணவர் இளைய மாணவர்க்குச் செய்யும் உதவிக்கு இதனினும் பொருத்தமான சொல் இல்லை. ஆசிரியர் செய்யும் பணிக்கு 'கல்வி வழிகாட்டல்' தகும்.

மொழிபெயர்ப்பாளர் மிகுந்த கவனம் செலுத்த வேண்டிய இடம் வேறு. மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டுச் சட்டகப்படி, முதலாண்டில் 40 கிரெடிட்டும் அதனுடன் 4 கிரெடிட் தொழிற்பயிற்சியும் முடித்தவர் சான்றிதழுடன் விலகலாம்; மூன்றாண்டுப் பட்டத்திற்கு 120, நான்காண்டுப் பட்டத்திற்கு 160 தேவை. இவ்விலகலை 'இடைநிற்றல்' என எழுதினால், சான்றிதழ் பெற்றவரும் படிப்பைக் கைவிட்டவராகவே கருதப்படுவார். 'சான்றுடன் விலகல்' என்பது நீண்டதாயினும் ஏற்புடையது.

கிரெடிட் என்பதற்கு மராத்தியில் வழங்கும் 'ஸ்ரேயாங்க்' என்பதிலும் 'அங்க்' மதிப்பெண்ணையே நினைவூட்டும். தமிழ்நாட்டின் இளநிலைத் தேர்வுகளில் 40 தேர்ச்சி மதிப்பெண்ணாக இருந்து பழகிய பெற்றோர், '40 கிரெடிட்' என்பதைத் தேர்ச்சியாகவே கொள்ள இடமுண்டு. 'அலகு' எனலாமெனின், பாடத்திட்டத்தின் உட்பிரிவுக்கு அச்சொல் முன்னரே வழங்குகிறது. ஆதலின் கிரெடிட் என்றே எழுதி, ஒன்றுக்கு 15 மணி நேர வகுப்பு அல்லது 30 மணி நேரச் செய்முறை என முதல் ஆட்சியிலேயே விளக்குதல் நன்று.