நுண்துகள் தடுப்பூசி: புகழ்ச்சியும் உண்மையும்

‘நானோ’ என்பது இன்று ஒரு மந்திரச் சொல்லாகிவிட்டது. தடுப்பூசியைப் பற்றிய செய்தியில் அச்சொல் இருந்தால் போதும்; அது புத்தம் புதியது, பழையவற்றினும் சிறந்தது என்று எண்ணிவிடுகிறோம். வாசகர்களே, இந்த எண்ணம் சரிதானா?

ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் கூறுகளாக்கினால், அதில் ஒரு கூறுதான் ஒரு நானோமீட்டர். வைரஸ்கள் பலவும் 20 முதல் 200 நானோமீட்டர் வரை அளவுள்ளவை. இந்த அளவுடைய துகள்கள் நிணநீர்க் கணுக்களை எளிதில் சென்றடைகின்றன. துகளின் மேற்பரப்பில் ஒரே புரதம் வரிசை வரிசையாக அமைந்திருந்தால், தடுப்பாற்றல் தரும் செல்கள் வலுவாகத் தூண்டப்படுகின்றன. நுண்துகள் தடுப்பூசியின் அடிப்படை இதுவே.

ஆனால் இது புதியதன்று. கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ்-பி வைரஸின் மேலுறைப் புரதம், தானாகவே ஒன்றுகூடி 22 நானோமீட்டர் உருண்டையாகிறது. உள்ளே மரபுப்பொருள் இல்லாததால் அது நோய் தராது. முதலில் இவ்வுருண்டைகளை வைரஸ் உள்ளவர்களின் இரத்தத்திலிருந்து பிரித்தெடுத்தார்கள். 1986 முதல் ஈஸ்ட் செல்களில் தயாரித்த தடுப்பூசியும் வழக்கத்திற்கு வந்தது. தைவான் 1984இல் பச்சிளங் குழந்தைகளுக்கு இத்தடுப்பூசியைப் போடத் தொடங்கியது. அங்கே 6 முதல் 14 வயதுச் சிறுவரிடையே கல்லீரல் புற்றுநோய், 1981–86இல் ஆண்டுக்கு லட்சத்திற்கு 0.70 ஆக இருந்தது, 1990–94இல் 0.36 ஆகக் குறைந்தது. இதை அன்று எவரும் ‘நானோ’ என்று விளம்பரப்படுத்தவில்லை!

இனி 2020ஆம் ஆண்டின் கொரோனா தடுப்பூசியைப் பாருங்கள். தூதுவ ஆர்.என்.ஏ. தனியாக உடலில் புகுந்தால் நொதிகள் அதைச் சிதைத்துவிடும். கொழுப்பாலான நுண்துகள் அதைப் பொதிந்து செல்லுக்குள் சேர்க்கிறது. ஓராண்டுக்குள் இதைச் சாதித்தது பெருஞ்செயலே. ஆயினும் ஃபைசர்–பயோஎன்டெக் ஊசி மருந்தை முதலில் மைனஸ் 70 டிகிரி செல்சியஸ் அளவில் வைத்திருக்க வேண்டியிருந்தது. சிற்றூர்ச் சுகாதார நிலையத்தின் குளிர்ப்பெட்டி தருவதோ 2 முதல் 8 டிகிரி. மேலும், கடும் நோயைத் தடுப்பதில் அது நன்கு உதவினாலும், தொற்றைத் தடுக்கும் ஆற்றல் சில மாதங்களில் குறைந்தது.

இன்னொரு சான்று: அதே ஹெபடைடிஸ்-பி துகளை அடிப்படையாகக் கொண்டதுதான், 2021இல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த மலேரியா தடுப்பூசி. ஆப்பிரிக்காவில் நடந்த ஆய்வில், நான்கு தவணை பெற்ற சிறு குழந்தைகளிடம் நான்காண்டுக் காலத்தில் அது தடுத்தது மலேரியாத் தாக்குதல்களில் மூன்றில் ஒரு பங்கைச் சற்று விஞ்சியதே. அதுவும் பயனே. ஆனால் துகள் ஒன்று, நோய் வேறு. எனவே பலனும் வேறு.

ஆகவே, சிறுமை ஒரு கருவி மட்டுமே. அதுவே வெற்றி ஆகாது. அடுத்த முறை ‘நானோ தடுப்பூசி’ என்று படிக்கும்போது மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: நூறு பேரில் எத்தனை பேரைக் காக்கும்? எவ்வளவு காலம் காக்கும்? மின்சாரம் அடிக்கடி நின்றுபோகும் ஊரின் குழந்தைக்கும் கெடாமல் போய்ச் சேருமா? விடை சொல்லாத புகழ்ச்சி விளம்பரமே, அறிவியல் ஆகாது.