மதியக் கச்சேரியும் கன்னத்து இயர்போனும்

சபா கேன்டீன் பந்திக்கு நாலு பேராகப் போனால் வரிசையில் நிற்க வேண்டியதுதான். தனியாகப் போய்ப் பாருங்கள். "ஒருத்தரா சார்? இந்த ஓரத்துல உக்காருங்க" என்று, முன்னால் நிற்கும் இரண்டு குடும்பங்களைத் தாண்டி இலை கிடைத்துவிடும். மார்கழியில் ஒரு நாளாவது யாரையும் கூப்பிடாமல் மயிலாப்பூருக்குக் கிளம்பிவிடுவேன். அதற்குச் சங்கீதம் பாதிக் காரணம், அந்த ஓர இலை மீதிக் காரணம்.

தனியாகச் சுற்றுவதில் ஒரே தொல்லை, வழி பார்க்க, மணி பார்க்க, அடுத்த ரயில் பார்க்க எல்லாவற்றுக்கும் நாமேதான் ஆள். பத்து அடிக்கு ஒரு தரம் போனை எடுத்துப் பார்த்தால் ஊரை எங்கே பார்ப்பது? காதை அடைக்கிற இயர்போனில் வழிசொல்லும் குரலைக் கேட்கலாம்தான். ஆனால் பின்னால் வரும் மாநகரப் பேருந்து கேட்காது. ஆகவே இந்த சீசனுக்கு எலும்புவழி இயர்போன் ஒன்றை வாங்கினேன். எட்டாயிரத்துக்குச் சில நூறு குறைவு. கம்பெனிப் பெயரைச் சொல்லப் போவதில்லை. கீழே வரும் குறைகளில் பாதி இந்த வகைக்கே பொதுவானவை.

பார்க்க வளைந்த கம்பிபோல இருக்கிறது. பிடரியைச் சுற்றி வந்து காதுமடல் மேல் தொங்குகிறது. அதன் இரண்டு குமிழ்களும் காதுக்குள் போவதில்லை. காதுக்கு முன்னால், தாடை அசையும் இடத்துக்குச் சற்று மேலே, கன்னத்து எலும்பின் மேல் உட்காருகின்றன. சத்தம் காற்று வழியாகச் செவிப்பறைக்குப் போகாமல், எலும்பின் அதிர்வாக நேரே உள்காதின் நத்தை எலும்புக்குப் போய்ச் சேருகிறது. காதுத் துளை திறந்தே கிடக்கிறது. முதல் தடவை போட்டவுடன் வீட்டுக்குள் யாரோ தூரத்து அறையில் ரேடியோ வைத்ததுபோல இருந்தது. குக்கர் விசிலும் கேட்டது, பாட்டும் கேட்டது.

நாள் திட்டத்தைச் சொன்னால்தான் கருவியின் லட்சணம் புரியும். நான் குறித்து வைத்தது பிற்பகல் 2 மணிக் கச்சேரி. மதியக் கச்சேரிகளில் பெரும்பாலும் இளம் வித்வான்கள் பாடுவார்கள். பல சபாக்களில் டிக்கெட் கிடையாது. முன்வரிசையில் உட்கார்ந்து வயலின்காரரின் விரலைப் பார்க்கலாம். மாலைக் கச்சேரி என்றால் பகல் முழுவதும் கையில் இருக்கும். மதியக் கச்சேரி நாளின் நடு முதுகில் ஆணி அடித்துவிடும். காலையில் எங்கே போனாலும் அந்த ஆணியில் கட்டிய கயிற்றின் நீளம்தான் நம் எல்லை.

இது எனக்குப் பட்டுத் தெரிந்தது. ஒரு வருஷம் காலையில் எழும்பூர் அருங்காட்சியகத்தைச் சொருகினேன். 1851-ல் தொடங்கிய இடம், வெண்கலக் கூடத்துக்கு மட்டுமே இரண்டு மணி நேரம் வேண்டும். நான் கொடுத்தது நாற்பது நிமிஷம். நடராஜர்களுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு ஓடி வந்து ஆட்டோ பிடித்தும் வர்ணம் போய்விட்டது. (வெள்ளிக்கிழமை அங்கே விடுமுறை என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.) அதிலிருந்து என் கணக்கு மூன்று கிலோமீட்டர். சபாவை நடுவில் வைத்து அதற்குள் கிடைப்பதை மட்டும் பார்ப்பது. டி.டி.கே. சாலை சபா என்றால் மயிலை, லஸ், சாந்தோம். போதும், போதும்.

விடிந்தும் விடியாமலும் குரோம்பேட்டையில் ரயிலேறி, பார்க்கில் இறங்கி, எதிரே பார்க் டவுனுக்கு நடந்து, பறக்கும் ரயிலில் திருமயிலை. பறக்கும் ரயில் என்று பெயர்தான். பக்கிங்ஹாம் கால்வாய் ஓரமாகத் தூண்மேல் நிதானமாகத்தான் போகும். அதில் இயர்போன் அபாரமாக வேலை செய்தது. நிலைய அறிவிப்பு ஒரு பக்கம், நான் போட்டிருந்த உரை ஒரு பக்கம். இரண்டும் ஒன்றை ஒன்று மிதிக்கவில்லை.

மாட வீதிக்குள் நுழைந்தபோதுதான் இது யாருக்கான பொருள் என்று புரிந்தது. வாசலெல்லாம் கோலம், கோலத்து நடுவில் சாணி உருண்டையில் பூசணிப்பூ. கபாலீஸ்வரர் கோயில் பக்கமிருந்து ஒலிபெருக்கி. மேற்கே திரும்பினால் ஜால்ராவோடு ஒரு பஜனை கோஷ்டி. பாபநாசம் சிவன் முன்னால் பாடிக்கொண்டு போன அதே வீதி, அதே மார்கழி. என் கன்னத்தில் உலகப் பொருளாதாரம் பற்றி ஒருவர் பேசிக்கொண்டிருந்தார். காதை அடைத்திருந்தால் கோஷ்டியை வேடிக்கை பார்த்துவிட்டுப் போயிருப்பேன். திறந்திருந்ததால் பொருளாதாரத்தை நிறுத்தினேன். அடைக்கிற இயர்போனுக்கு இந்த உபகாரம் செய்யத் தெரியாது.

ராயர் மெஸ்ஸில் பொங்கலும் வடையும் முடித்துக் கிழக்கே கச்சேரி ரோட்டில் இறங்கினேன். அந்த ரோட்டில் பாட்டுக் கச்சேரி கிடையாது. அது கோர்ட்டு கச்சேரியின் கச்சேரி. வரைபடச் செயலியின் பெண்குரல் அந்தப் பெயரை மூன்று விதமாகச் சொன்னது, மூன்றும் தப்பு. சாந்தோம் தேவாலயத்தின் வெள்ளைக் கோபுரம் தெரியும்வரை சிக்கலில்லை. இப்போதுள்ள கட்டிடம் 1896-ல் முடிந்தது. உள்ளே ஒரு கால் மணி நேரம் உட்கார்ந்துவிட்டுத் திரும்பினேன்.

சிக்கல் லஸ்ஸில்தான். சுரங்கப் பாதை வேலைக்காகப் பச்சைத் தகடுகள் அடைத்து, இருந்த பாதைகள் சுருங்கி, ஹாரன் மட்டும் அப்படியே இருக்கிறது. முழுச் சத்தத்தில் வைத்தும் "இடதுபுறம்..." வரைதான் கேட்டது, எந்த இடதுபுறம் என்பது பேருந்துக்குள் போய்விட்டது. எலும்புவழி இயர்போனின் முதல் பலவீனம் இது. வெளிச் சத்தத்தைத் தடுக்க அதனிடம் எதுவும் இல்லை. ஒலியைக் கூட்டினால் கன்னத்தில் குறுகுறுவென்று எறும்பு ஊர்கிறது. வரைபடமோ தகடு அடைத்த சந்துக்குள்ளேயே என்னை அனுப்பப் பார்த்தது. கடைசியில் ஆட்டோ ஸ்டாண்டில் கேட்டேன். "அங்க போவ முடியாது சார், பின்னாடி சுத்திக்கோங்க." மூன்று வினாடி. பேட்டரி செலவு இல்லை.

சுற்றிப் போன வழியில் லஸ் சர்ச். 1516 என்று கல்வெட்டுச் சொல்லும் பிரகாச மாதா கோயில். போர்த்துகீசிய மொழியில் லஸ் என்றால் வெளிச்சம். ஊர்க்காரர்கள் காட்டுக் கோயில் என்பார்கள், காடு எங்கே போயிற்றோ. வளாகத்துக்குள் இரைச்சல் அடங்கியதும் குரல் மறுபடி துல்லியமாக வந்தது. தெருவுக்குத் தெரு இதன் தரம் மாறிக்கொண்டே இருக்கும். கடையில் போட்டுப் பார்த்து வாங்குகிறவர்கள் கதவுக்கு வெளியே வந்தும் ஒரு தரம் கேட்டுப் பாருங்கள்.

பதினொன்றரைக்குப் பந்தி. ஒரு மணிக் கூட்டத்தில் தனியாளுக்கும் ஓர இலை சந்தேகம்தான். வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு 2 மணிக்கு ஏ.சி. அரங்கில் உட்கார்ந்தால் கல்பனா ஸ்வரமெல்லாம் தாலாட்டு. காசி அல்வாவை மட்டும் மறுக்க முடியவில்லை.

இனி நான் பட்ட அவமானம். அரங்கில் இயர்போனைக் காதிலிருந்து கழற்றிக் கழுத்தில் மாலைபோல விட்டிருந்தேன். நான் வந்தது பின்வாசல் வழியாக. செயலிக்கு நான் வந்து சேர்ந்ததாகவே கணக்கில்லை. கூரைக்குக் கீழே செயற்கைக்கோள் சமிக்ஞை தடுமாற, நான் பக்கத்துத் தெருவில் அலைவதாக நினைத்துக்கொண்டது. மேடையில் பாட வந்த பெண் ஆலாபனையைத் தொடங்கி, காந்தாரத்தில் நின்று, மெல்லப் பிரதி மத்தியமத்தைத் தொட்டாள். பூர்விகல்யாணியா, பந்துவராளியா? ரிஷபமும் காந்தாரமும் மத்தியமமும் இரண்டுக்கும் ஒன்றுதான். தைவதம் வந்தால் தெரிந்துவிடும். அரங்கமே அந்தத் தைவதத்துக்காக மூச்சைப் பிடித்திருந்தது. அப்போது என் கழுத்து சொன்னது: "யூ டர்ன் எடுக்கவும்."

எலும்பில் ஒட்டாதபோது இந்தக் குமிழ்கள் குட்டி ஸ்பீக்கராகிவிடும் என்பதை அறிமுகக் காகிதத்தில் யாரும் எழுதவில்லை. பக்கத்து மாமி திரும்பிப் பார்த்தார்.

"ஏம்ப்பா, உன் கழுத்துல ஏதோ பேசறதே!"

பட்டனைத் தேடி அழுத்துவதற்குள் இன்னொரு முறை யூ டர்ன். தைவதம் வந்துவிட்டிருந்தது. மாமியிடமே கேட்டேன்.

"பூர்விகல்யாணிதான். சதுஸ்ருதி போட்டுட்டாளே, கேக்கலியா?"

கேட்கவில்லை, மாமி. ஆகவே முதல் சிபாரிசு: அரங்கின் வாசலிலேயே இதை அணைத்துப் பைக்குள் போடுங்கள். கழுத்தில் போட்டுக்கொள்கிற சௌகரியத்துக்காகவே வாங்குகிறவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன்.

தனி ஆவர்த்தனத்துக்குப் பாதிப் பேர் காப்பிக்கு எழுந்து போனார்கள், வழக்கம்போல. நான் போகவில்லை. மிருதங்கம் மூன்றாவது வரிசைக்கு வருகிற விதத்தை எந்தக் கருவியும் தந்ததில்லை. வலந்தலையின் சொற்கள் கண்ணாடிபோல விழும். தொப்பியின் கும்கி வயிற்றில் இறங்கும். அதை மனதில் வைத்துக்கொண்டு நாலரைக்கு வெளியே வந்து நாகேஸ்வர ராவ் பூங்காவில் ஒரு பெஞ்சைப் பிடித்து, போனில் இருந்த பழைய பூர்விகல்யாணிப் பதிவு ஒன்றைப் போட்டேன். குரல் நன்றாகவே இருந்தது. வயலினும் பரவாயில்லை. மிருதங்கத்தில் வலது கை மட்டும் வாசித்தது. தொப்பியைக் காணோம். தம்புராவிலும் மேல் ஸட்ஜங்கள் கேட்டன, மந்தரம் மறைந்துவிட்டது.

காரணம் லேசானது. ஒரு கட்டை ஸ்ருதியில் ஸட்ஜம் சுமார் 130 ஹெர்ட்ஸ், மந்தர ஸட்ஜம் அதில் பாதி. அவ்வளவு தாழ்ந்த ஒலிக்கு எலும்பைப் பெரிதாக ஆட்ட வேண்டும். பெட்டியின் மேல் 20 ஹெர்ட்ஸ் என்று அச்சடித்திருக்கலாம், கன்னம் அதற்கு ஒத்துக்கொள்ள வேண்டுமே. சங்கீதம் கேட்க மட்டும் ஒரு இயர்போன் வேண்டுமென்றால் இதே விலையில் காதடைக்கும் எதுவும் இதைத் தோற்கடிக்கும். பாட்டுக்காக வாங்காதீர்கள். ஊரில் நடக்க வாங்குங்கள்.

சில்லறை விஷயங்கள். மூக்குக் கண்ணாடி போடுகிறவர்களுக்குக் காதுமேல் இட நெருக்கடி உண்டு. கண்ணாடியை முதலில் போட்டுவிட்டு இதை மேலே விட்டால் சமாளிக்கலாம். வேர்வைக்குப் பயமில்லை. எட்டு மணி நேரம் ஓடும் என்றார்கள். நடுவில் கச்சேரிக்கு அணைத்தும், மாலை ஆறரைக்குக் கால்வாசிக்குக் கொஞ்சம் மேல் மிச்சம் இருந்தது. குறை, சார்ஜர். சாதாரண டைப்-சி வாய் கிடையாது, காந்தத்தில் ஒட்டும் தனிக் கேபிள். அது வீட்டில் இருந்தது. பையில் பவர் பேங்க் சும்மா கனத்தது. ஒரு நாள் சுற்றலுக்கு வரும் பொருளுக்குத் தனிக் கேபிள் வைக்கிறவர் ஒருநாளும் ஊர் சுற்றியிருக்க மாட்டார்.

திருமயிலை நடைமேடையில் ரயிலுக்கு இன்னும் நேரம் இருந்தது. எங்கோ படித்த ஒரு வித்தை ஞாபகம் வந்தது. அதே பதிவைப் போட்டு, இரண்டு ஆள்காட்டி விரல்களாலும் காதுகளை அடைத்துக்கொண்டேன். துளையை மூடினால் எலும்பில் வந்த தாழ்ந்த ஒலி வெளியே தப்பிக்க வழியில்லாமல் உள்ளேயே பெருகும். தொப்பி வந்துவிட்டது. தம்புராவின் மந்தரமும் பின்னாலேயே வந்தது. காதில் விரலை விட்டுக்கொண்டு தலையாட்டும் ஆளைப் பார்த்து எதிர் பெஞ்சிலிருந்த பையன் தன் அம்மாவை இடித்தான். ரயில் வரும்வரை நான் விரலை எடுக்கவில்லை.