மூன்று லீற்றர் சந்தோஷம்

17ஆம் நம்பர் ரிங் ஸ்பேனர் ஒன்று, ஓரம் நசுங்கிய பழைய பேசின் ஒன்று, புது ஃபில்ட்டர் ஒன்று, ஒரு கேன் ஒயில். சாமான் அவ்வளவுதான். இதை வைத்துக்கொண்டு ஒரு மனிதன் இத்தனை சந்தோஷப்பட முடியுமா என்று என் மனைவியே கேட்கிறாள். முடியும். சொந்தக் காருக்குச் சொந்தக் கையால் ஒயில் மாற்றிப் பார்க்காதவர்களிடம் அதை எப்படி விளக்குவது என்றுதான் தெரியவில்லை. ஆனாலும் முயன்று பார்க்கிறேன்.

என்னிடம் இருப்பது கார்புரேட்டர் வைத்த பழைய மாருதி 800. மூன்று சிலிண்டர், 796 சீசீ. 1983 டிசம்பரில் இந்தியாவில் அறிமுகமாகி 2014 ஜனவரியில் உற்பத்தி நின்றுபோன வண்டி. எங்கள் மலையில் அதற்கு இன்னும் ஓய்வு கொடுக்கவில்லை. 2020 மார்ச்சில் இலங்கையில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். தனியார் கார்களுக்கு மறுபடி கதவு திறக்க 2025 ஆகிவிட்டது. இடையில் 2022இல் கியூஆர் அட்டையைக் காட்டி, கிடைக்கிற பெட்ரோலுக்கு வரிசையில் நின்றோம். அந்தக் காலத்தில் இந்தச் சின்னக் கார்களுக்கு வந்த மரியாதையும் விலையும் கொஞ்சநஞ்சமல்ல. வேறு வண்டி வாங்க வழியில்லை, இருப்பதைக் காப்பாற்றிக்கொள் என்ற நிலைமை. நான் இந்தப் பைத்தியத்தில் விழுந்தது அப்போதுதான். இன்றுவரை எழுந்திருக்கவில்லை, எழும் உத்தேசமும் இல்லை.

கீழ்நாட்டில் ஒயில் மாற்றுவது கிலோமீற்றர் கணக்கு. கொழும்பில் இருக்கும் என் சிநேகிதர்கள் மீற்றரைப் பார்ப்பார்கள், 5,000 தாண்டியதும் சேர்விசுக்குப் போவார்கள். மலையில் அந்தக் கணக்கு மட்டும் போதாது. கினிகத்தேனையிலிருந்து வட்டவளை வழியாக ஹட்டனுக்கு ஏறும் வீதியை நினைத்துப் பாருங்கள். இரண்டாம் கியர், மூன்றாம் கியர், ஒரு வளைவு, மறுபடி இரண்டாம் கியர். மீற்றரில் தூரம் கொஞ்சமாகத்தான் கூடியிருக்கும், எஞ்சின் சுற்றிய சுற்றோ மிக அதிகம். இறங்கும்போது ஓய்வு கிடைக்கும் என்றால் அதுவும் இல்லை. ரதல்ல குறுக்கு வீதியில் பிரேக்கை மட்டும் நம்பி இறங்க முடியாது. கியரைக் குறைத்து எஞ்சினாலேயே வண்டியைப் பிடித்துக்கொண்டுதான் இறங்க வேண்டும். ஏறினாலும் இறங்கினாலும் அந்த மூன்று லீற்றர் ஒயில்தான் அடி வாங்குகிறது.

அதோடு நம் குளிர். எஞ்சினுக்குள் பெட்ரோல் எரியும்போது புகையோடு நீராவியும் உண்டாகிறது. பிஸ்டன் ஓரமாக அதில் கொஞ்சம் கீழே கசிந்து ஒயிலோடு சேர்கிறது. நீண்ட தூரம் ஓடி எஞ்சின் நன்றாகச் சூடானால் அந்தத் தண்ணீர் ஆவியாகி வெளியே போய்விடும். ஆனால் லயத்திலிருந்து பள்ளிக்கூடம், பள்ளிக்கூடத்திலிருந்து கடை, கடையிலிருந்து லயம் என்று பத்து நிமிட ஓட்டங்களாக ஓடும் காரில் அது உள்ளேயே தங்கும். ஜனவரிக் காலையில் நுவரெலியாவில் ஒயில் மூடியைத் திறந்து உட்பக்கம் பாருங்கள், வெள்ளைக் கூழாக ஒன்று படிந்திருக்கும். அது இந்தத் தண்ணீரின் வேலை. மழை பெய்து உள்ளே போனதல்ல.

நுவரெலியா 1,868 மீற்றர் உயரம். அங்கே காற்று கடல்மட்டத்தைவிடக் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு மெலிவு. என் மாருதியின் கார்புரேட்டருக்கு அது தெரியாது. கீழ்நாட்டு அளவுக்கே பெட்ரோலை ஊற்றிக்கொண்டிருக்கும். எரியாமல் மிஞ்சுவதில் ஒரு பகுதி சிலிண்டர் சுவரைக் கழுவிக்கொண்டு ஒயிலுக்குள் இறங்குகிறது. ஒயிலை மோந்து பார்த்தால் பெட்ரோல் வாடை வருவது அதனால்தான். இது எனக்கு எப்படித் தெரியும் என்றால், என் காரின் ஒயிலை நானே மோந்து பார்க்கிறேன்! கராஜில் விட்டுவிட்டு எதிர்க் கடையில் டீ குடித்துக்கொண்டிருந்த காலத்தில், உள்ளேயிருந்து என்ன வந்தது என்று ஒருநாளும் நான் பார்த்ததில்லை.

இனி இடம். ஒயில் மாற்றச் சமதரை வேண்டும். மலைநாட்டில் ஒயில் கிடைக்கும், ஃபில்ட்டர் கிடைக்கும், சமதரை கிடைப்பதுதான் கஷ்டம். லயத்து வாசல் சரிவு, பாதை சரிவு, கோயிலடி ஓரளவு சமம் என்றாலும் அங்கே இந்த வேலை செய்ய மனம் வராது. எனக்குக் கிடைத்த சொர்க்கம் கொழுந்து நிறுக்கும் மடுவம். ஞாயிற்றுக்கிழமை நிறுவை இல்லை. சிமெந்துத் தரை, மேலே தகரம், பக்கத்தில் பீலித் தண்ணீர். வருடத்துக்கு 5,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை கொட்டும் வட்டவளைப் பக்கத்தில் இருப்பவர்களுக்குத் தலைக்கு மேல் தகரம் என்றால் என்ன அர்த்தம் என்று சொல்ல வேண்டியதில்லை.

எனக்கு இதைக் கற்றுத்தந்தவர் எங்கள் மாமா. தேயிலை ஸ்டோரில் எஞ்சின் அறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மின்சாரக் கம்பி வருவதற்கு முன்னால் மலையில் எத்தனையோ ஸ்டோர்களை ஓட்டியவை ஒயில் எஞ்சின்களும் தண்ணீர் விசையும்தான். அந்த உலகத்துக் கை அவருடையது. தோட்டத்தில் கார் என்றால் அது துரையின் கார் என்று இருந்த காலத்தில், பெரியதுரையின் மொரிஸ் மைனருக்குக் கீழே படுத்தவர். அதில் ஃபில்ட்டர் இப்போதுபோல மொத்தமாகத் திருகி எறிகிற டப்பா இல்லையாம். ஒரு கிண்ணம், அதைப் பிடிக்கும் நீளமான போல்ட், உள்ளே மாற்றுகிற உருளை. இதைச் சொல்லும்போதெல்லாம் அவர் குரலில் ஒரு பெருமை ஏறும். இன்று மருமகனின் காருக்குக் கீழே படுக்க அவர் இடுப்பு விடுவதில்லை, வாய் மட்டும் ஓய்வதே இல்லை.

முதலில் டிக்கோயா வரை ஒரு ஓட்டம் ஓடி வருவேன். ஆறிய ஒயில் கெட்டியாகச் சம்ப்பின் அடியில் ஒட்டிக்கொள்ளும், இளஞ்சூட்டில் அழுக்கையும் சேர்த்து இழுத்துக்கொண்டு வரும். கொதிக்கக் கொதிக்கவும் கூடாது, கை வெந்துபோகும். முன்சக்கரம் இரண்டையும் கனமான மரக்கட்டைச் சாய்வில் ஏற்றி, கியரில் போட்டு, ஹேண்ட்பிரேக் இழுத்து, பின்சக்கரங்களுக்கு இரண்டு பக்கமும் கல் அணை. ஜெக்கை மட்டும் நம்பிக் காருக்குக் கீழே தலையை நீட்டுகிறவர்களைக் கண்டால் எனக்கு வயிறு கலங்கும். அது டயர் மாற்றுவதற்கான சாமான், உயிரைத் தாங்கும் சாமான் இல்லை.

அப்புறம்தான் அந்தக் கணம். ஸ்பேனரைப் போட்டு ஒரு இழு, நட்டு இளகும். மிச்சத்தை விரலால்தான் திருக வேண்டும், நட்டை மேல்நோக்கி அழுத்திக்கொண்டே. புரி முடிந்தது என்று விரலுக்குத் தெரிந்ததும் சட்டென்று கையை விலக்கினால்... அடடா! கறுப்பாக, பளபளப்பாக, ஒரு வில் போட்டுப் பாய்ந்து வரும். ஆரம்பத்தில் அது நேர்கீழே விழாது, ஒரு முழம் தள்ளித்தான் விழும். பேசினை அங்கே வைத்திருக்க வேண்டும். வேகம் குறையக் குறையப் பேசினை நட்டுத் துவாரத்துக்குக் கிட்டக் கொண்டுவர வேண்டும். கடைசியில் நூலாக மெலிந்ததும் தென்மேற்குக் காற்று வந்து அந்த நூலை அசைத்துவிட்டுப் போகும். அதற்காகவே பக்கத்தில் ஒரு பழைய உரச்சாக்கை நிறுத்தி வைத்திருக்கிறேன்.

சேர்விஸ் நிலையத்தில் பத்து நிமிடத்தில் நட்டை மூடிவிடுவார்கள். அவர்களுக்கு அடுத்த வண்டி நிற்கிறது. எனக்கு யாரும் நிற்கவில்லை. சொட்டுச் சொட்டாக விழுந்து முடியும்வரை உட்கார்ந்திருப்பேன். அந்த நேரத்தில்தான் வாசிப்பு நடக்கிறது. ஒரு துளியை இரண்டு விரலுக்கு இடையில் வைத்துத் தேய்த்தால் நறநறக்கிறதா என்று பார்ப்பது. நட்டின் முனையைத் துடைத்து மினுக்கம் ஏதும் ஒட்டியிருக்கிறதா என்று வெயிலில் பிடிப்பது. நிறம் பால்கலந்த பழுப்பாக இருந்தால் தண்ணீர். அது குளிர்கால ஓட்டத்தின் தண்ணீரா, ஹெட் கெஸ்கட் போன தண்ணீரா என்பது ரேடியேட்டரையும் பார்த்தால்தான் விளங்கும். வெறும் கறுப்பைக் கண்டு பயப்படத் தேவையே இல்லை. கரியைத் தூக்கித் தன்னிடம் வைத்துக்கொள்வது ஒயிலின் வேலை, கறுத்திருந்தால் வேலை செய்திருக்கிறது என்றுதான் அர்த்தம்.

கழற்றிய ஃபில்ட்டரை நான் உடனே எறிவதில்லை. வடியவிட்டு, தகரத்தை வெட்டி, உள்ளே மடித்து வைத்திருக்கும் காகிதத்தை விரித்துப் பார்ப்பேன். இது கொஞ்சம் அதிகம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எஞ்சினைப் பிரிக்காமல் அதன் உட்புறச் சேதியை அறிய இதைவிட மலிவான வழி எங்கே இருக்கிறது? இரும்புத் தூள் இல்லாத சுத்தமான மடிப்பைக் கண்ட ஞாயிற்றுக்கிழமை, நாள் முழுக்க நான் சிரித்த முகத்தோடு இருப்பேன். ஆரம்பக்காலக் கார்களில் இப்படி ஒரு சாமானே கிடையாது, வெறும் கம்பிச் சல்லடைதான். 1923இல் அமெரிக்காவில் ஸ்வீட்லண்ட், கிரீன்ஹால் என்ற இருவர் ‘பியூரோலேட்டர்’ என்ற பெயரில் ஒயில் ஃபில்ட்டரைக் கொண்டுவந்த பிறகுதான் எஞ்சின்களுக்கு ஆயுள் கெட்டியானது. அந்த இரண்டு புண்ணியவான்களும் நன்றாக இருக்க வேண்டும்.

புது ஃபில்ட்டரைப் போடுவதில் மாமாவுக்குத் தனிச் சட்டம் உண்டு.

“பழைய ரப்பர் வளையம் அங்கனயே ஒட்டிக்கிட்டு இருக்கானு பாத்தியா?”

“பாத்துட்டேன் மாமா. வந்துருச்சு.”

“மறுபடி பாரு. ரெண்டு ரப்பர் ஒண்ணுமேல ஒண்ணு இருந்துச்சுன்னா ஒயில் மொத்தமும் ரோட்டுல போயிரும். புது ரப்பருக்கு விரல்ல ஒயில் தொட்டுத் தடவு. கையால சுத்து. முட்டுதா? இனிமே முக்காத் திருப்பு. அவ்வளவுதான். பெல்ட்ட எடுக்காத!”

பெல்ட் என்பது இறுகிப்போன ஃபில்ட்டரைக் கழற்ற அவர் செய்து தந்த கருவி: பழைய ஃபேன் பெல்ட் துண்டும் ஒரு இரும்புக் கம்பியும். கழற்ற மட்டும்தான் அது, பூட்ட எப்போதும் வெறும் கை. டிரேன் நட்டுக்குப் புது வொஷர், அதையும் அளவோடு இறுக்க வேண்டும். ஸ்பேனரில் ஏறி நின்று இறுக்குகிறவர்கள்தான் சம்ப்பின் புரியைத் தின்றுவிட்டு அப்புறம் வெல்டிங் கடை தேடுகிறார்கள்.

பிறகு ஊற்றுதல். கேன் மூடியைத் திறந்து, புனல் வைத்து, மெல்லச் சாய்த்தால் இறங்கும் அந்த நிறம் முதல் தரக் கொழுந்தில் போட்ட பிளேன்டீயேதான்! மடுவத்தில் நின்று அதைப் பார்க்கிற சுகத்தை வேறெதிலும் நான் காணவில்லை. முதலில் இரண்டரை லீற்றர். எஞ்சினை ஸ்டார்ட் பண்ணினால் சிவப்பு ஒயில் விளக்கு சில விநாடி எரிந்து அணையும், புது ஃபில்ட்டர் நிரம்புகிற நேரம் அது. அந்தச் சில விநாடி எனக்கு மூச்சு நிற்கும். அணைந்ததும் எஞ்சினை நிறுத்தி, கீழே ஒழுகுகிறதா என்று பார்த்து, சில நிமிடம் பொறுத்து, அளவுக் கம்பியை இழுத்து, இரண்டு கோட்டுக்கு நடுவில் வரும்வரை கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ப்பேன். மேல்கோட்டைத் தாண்டக் கூடாது. தாண்டினால் கிராங் தண்டு ஒயிலைக் கடைந்து நுரையாக்கிவிடும், நுரைக்கு உராய்வைத் தாங்கும் சக்தி கிடையாது.

எந்த ஒயில் என்று கேட்பவர்களுக்காக ஒரு வார்த்தை. 20டபிள்யூ-50 குளிரில் உறைந்துவிடும் என்று நம்மூரில் ஒரு பேச்சு உண்டு. அது சரியல்ல. 20டபிள்யூ என்ற தரமே சுழியத்துக்குக் கீழே 15 பாகையிலும் எஞ்சின் சுற்ற வேண்டும் என்று வைத்த அளவு. நுவரெலியாவில் உறைபனி விழும் காலைகூட அதன் பக்கத்தில் வராது. வித்தியாசம் வேறு இடத்தில்: கெட்டி ஒயில் குளிரில் மேலே ஏறிச் சேர நேரம் எடுக்கும், மெலிந்தது சீக்கிரம் சேரும். தேய்ந்த பழைய எஞ்சினுக்குக் கெட்டி, இறுக்கமான புது எஞ்சினுக்குக் கம்பெனிப் புத்தகம் சொல்கிற மெலிந்த ரகம். என் கிழவனுக்கு 20டபிள்யூ-50தான். ஆனால் காலையில் ஸ்டார்ட் பண்ணியவுடன் அக்ஸிலரேட்டரை மிதிக்க மாட்டேன்.

மாற்றி முடித்து முதல் ஓட்டம். எஞ்சின் சத்தம் குறைந்திருக்கும், கியர் லேசாக விழும், ஏற்றத்தில் முக்காமல் ஏறும். கியர்பொக்ஸுக்கும் எஞ்சின் ஒயிலுக்கும் இந்தக் காரில் சம்பந்தமே இல்லை, இரண்டுக்கும் தனித்தனி ஒயில். அதனால் கியர் லேசானது என் மனப்பிராந்திதான் என்று எனக்கே தெரியும். தெரிந்தும் லேசாகத்தான் விழுகிறது, என்ன செய்யட்டும்? நுவரெலியாவின் ஏப்ரல் சீசனில் மகஸ்தோட்டை மலையேற்றப் பந்தயத்துக்கு வருகிறவர்கள்கூட அந்த நேரத்தில் என் அளவுக்குக் கர்வப்பட்டிருக்க மாட்டார்கள்.

கழிவு ஒயில் விஷயத்தில் மட்டும் நான் கெடுபிடிக்காரன். டிக்கோயாப் பக்கத்துத் தண்ணீர் காசல்ரீ வழியாகக் களனி கங்கைக்குப் போகிறது. கொட்டகலை, தலவாக்கலைப் பக்கத்தில் விழுவது கொத்மலை ஓயா வழியாக மகாவலிக்கு. நாட்டின் இரண்டு பெரிய ஆறுகளுக்கும் தலைமாட்டில் உட்கார்ந்துகொண்டு கானுக்குள் ஒயில் ஊற்றினால் அது முதலில் பணிய லயத்துப் பீலிக்குத்தான் போகும். அதனால் பழைய கேனிலேயே வடித்து, மூடி, ஹட்டனில் கழிவு ஒயில் எடுக்கிற சேர்விஸ் நிலையத்தில் கொடுத்துவிடுவேன். அவர்கள் பீப்பாயில் சேர்த்து விற்கிறார்கள். கையுறையும் போட்டுக்கொள்ளுங்கள், பழைய ஒயில் தோலில் ஊறி ஊறிப் புற்றுநோய் வரக்கூடும். மாமா வாழ்நாள் முழுக்க வெறுங்கையால்தான் செய்தார். நான் கையுறையை மாட்டும்போதெல்லாம், “டாக்டர் ஐயா வந்துட்டாரு” என்பார்.

போன ஞாயிறு மச்சான் த்ரீவீலரை ஓரமாக நிறுத்திவிட்டு, கடைசிச் சொட்டு விழும்வரை என் பக்கத்திலேயே குந்திக்கொண்டிருந்தான். பிறகு மெதுவாகக் கேட்டான்: “இதுக்கும் செய்யலாமா மச்சான்?” செய்யலாமாவா! ஒயில் என் செலவு என்றேன். ஃபில்ட்டரும் வொஷரும் மட்டும் வாங்கிக்கொண்டு, விடிந்ததும் மடுவத்துக்கு வந்துவிடச் சொல்லியிருக்கிறேன்.