செவுள் எங்கே?

கடியப்பட்டணத்தில் மீன் வாங்கியிருக்கிறீர்களா? விற்கிற அம்மா தன் முகத்தை நம்பச் சொல்லமாட்டார். செவுளைத் தூக்கிக் காட்டுவார். சிவப்பாக இருந்தால் வாங்கலாம்.

இதே மாவட்டத்து அகஸ்தீஸ்வரத்துக்காரர், 2020-ல் மறைந்த எச்.வசந்தகுமார். 1978-ல் ஆரம்பித்த வசந்த் அண்ட் கோ விளம்பரங்களில் தானே வந்து சிரித்தார். நடிப்பு சுமார்தான். ஆனால், 'ரிப்பேர்னா என்னைப் பிடிங்க' என்றது அந்த முகம். லலிதா ஜுவல்லரி கிரண்குமார் இன்னும் ஒரு படி மேலே போய், விலைச்சீட்டை போட்டோ எடுத்து மற்ற கடைகளில் ஒப்பிட்டுப் பார்க்கச் சொன்னார். அதுதான் செவுள்!

இன்று செல்போனில் தன்னையே படம்பிடித்துப் போடும் சின்னக் கடைக்காரர்களிடம் முகம் நிறைய, சரக்கு கொஞ்சம். எடை, விலை, சரியில்லையென்றால் திருப்பி எடுப்பாரா? மூச்! முகம் பிடித்தது என்பதற்காக வாங்கிவிடாதீர்கள். கேளுங்கள்: 'அண்ணாச்சி, செவுள் எங்கே?'