பூனைக்குப் பல் சுத்தம்: மயக்கம் வேண்டுமா, வேண்டாமா?

பூனையின் பல்லில் மஞ்சள் காரை படிந்திருப்பதைப் பார்த்ததும், மயக்க மருந்து தராமலே அதைச் சுரண்டி எடுத்துவிட முடியாதா என்றுதான் பலரும் கேட்கிறார்கள். அப்படிச் செய்து தருபவர்களும் இருக்கிறார்கள். பூனையைத் துண்டில் சுற்றிப் பிடித்துக்கொண்டு, பல்லின் வெளிப்பக்கத்தைக் கருவியால் சுரண்டுவார்கள். செலவு குறைவு, பல்லும் வெளுத்துவிடும்.

மயக்கத்துக்கு அஞ்சுவதை அறியாமை என்று தள்ளிவிட முடியாது. பிரிட்டனில் 2002 முதல் 2004 வரை நடந்த பெரிய ஆய்வில், மயக்க மருந்து பெற்ற பூனைகளில் 0.24 சதவீதம் அதையொட்டி இறந்தன. நலமாக இருந்த பூனைகளில் இது 0.11 சதவீதம். இறப்புகளில் பாதிக்கு மேல் சிகிச்சை முடிந்த பிறகே நேர்ந்தன. ஆபத்து சிறியது, ஆனால் உண்மையானது.

ஆனாலும், சுரண்டும் முறை நோயைத் தொடுவதே இல்லை. ஈறு நோய் வளர்வது ஈறுக்கு அடியில். விழித்திருக்கும் பூனை அங்கே கருவியை விடாது, நாக்குப் பக்கமும் எட்டாது. பூனைகளிடம் பரவலாகக் காணப்படும் பல் கரைவு நோயில் நிலைமை இன்னும் மோசம். இது சொத்தையல்ல, உடலின் சொந்த உயிரணுக்களே பல்லைக் கரைக்கின்றன. பெரும்பாலும் கீழ்த்தாடையில் கோரைப்பல்லுக்குப் பின்னால் உள்ள முதல் பல்லில் காணப்படும். ஈற்றோரம் சிவந்த பொட்டு ஒன்று தெரியும். பல்லில் விழுந்த குழியை ஈறு வளர்ந்து மூடியிருக்கும். அதில் கருவி பட்டால் மயக்கத்திலும் தாடை வெடவெடக்கும். விழித்திருக்கும் பூனைக்கு எப்படி வலிக்கும்?

கண்ணால் பார்ப்பதும் போதாது. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் நடந்த ஆய்வு 1998இல் வெளிவந்தது. வெளிப்பார்வைக்குக் குறையே தெரியாத பூனைகளில் 41.7 சதவீதத்துக்கு, சிகிச்சைக்கு முக்கியமான கோளாறுகள் எக்ஸ்-ரேயில் தென்பட்டன.

மயக்கம் தந்துவிட்டால் மட்டும் எல்லாம் சரியாகிவிடாது. கரையும் பல்லின் வேர் எலும்போடு கலந்துவிட்டிருந்தால் மேற்பகுதியை மட்டும் வெட்டி எடுக்கலாம். வேர் முழுதாக இருந்தால் அதையும் பிடுங்க வேண்டும். எக்ஸ்-ரே இல்லாமல் இரண்டையும் பிரித்தறிய முடியாது. வாயை அகலத் திறந்துவைக்கும் ஸ்பிரிங் கருவி மூளைக்குச் செல்லும் ரத்தத்தைக் குறைத்து, சில பூனைகளின் பார்வையையே பறித்திருக்கிறது.

ஆகவே, மயக்கமில்லாச் சுரண்டல் அழகுக்கு மட்டுமே உதவும்; சிகிச்சை ஆகாது. உணவை வாயிலிருந்து நழுவவிடுவது, ஒரு பக்கமே மெல்லுவது, எச்சில் வடிப்பது, உடலை நக்கிச் சுத்தம் செய்யாமல் விடுவது, வாய் நாறுவது ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றைக் கண்டால் கால்நடை மருத்துவரிடம் கொண்டுசெல்லுங்கள். மயக்கத்துக்கு முன் ரத்தப் பரிசோதனை உண்டா, பல் எக்ஸ்-ரே எடுப்பீர்களா, முழுதாகத் தெளியும்வரை உடனிருந்து கவனிப்பது யார் என்று கேளுங்கள். தெளிவான பதில் கிடைக்காவிட்டால் வேறு மருத்துவமனையைத் தேடுங்கள்.