ஆவாரம்: ஆங்கிலத்திற்குச் சென்ற ஒரு சாரியை

தமிழிலிருந்து ஆங்கிலம் ஏற்ற சொற்களைப் பட்டியலிடுவோர் கட்டுமரம், சுருட்டு ஆகியவற்றைத் தவறாது சுட்டுவர். வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி வட்டாரத் தோல் தொழிலோடு தொடர்புடைய 'அவாரம்' அவற்றில் அரிதாகவே இடம்பெறுகிறது. தோல் பதனிட உதவும் ஆவாரஞ்செடியைக் குறிக்கும் இச்சொல், தமிழ் 'ஆவாரம்' என்பதன் வழிவந்தது என்பதோடு ஆங்கில அகராதிகள் அமைகின்றன. அம்முடிவு சரியே, எனினும் முழுமையானதன்று.

இச்செடியின் இலக்கிய வடிவம் ஆவிரை. குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கும் மலர்களுள் இதுவும் ஒன்று. குறுந்தொகை 173ஆம் பாடலில் மடலேறும் தலைவனின் பனைமடற் குதிரை ஆவிரை மாலை அணிகிறது. பேச்சில் இது ஆவாரை. 'சாவாரை' என்பதோடு எதுகை கொள்ளும் பழமொழி இதற்குச் சான்று. கன்னட 'ஆவரிகெ' இதன் இனச்சொல். எனவே, தோலுறவு கருதி 'ஆ + விரை' எனப் பிரித்துப் பசுவோடு இணைக்கத் தோன்றினும் அது பொருந்தாது.

அங்ஙனமாயின் 'அம்' எங்கிருந்து வந்தது? பனை, ஆவிரை ஆகியன புணர்ச்சியில் ஐகாரம் கெட்டு அம்முச்சாரியை பெறும் எனத் தொல்காப்பிய உயிர்மயங்கியல் விதிக்கிறது. ஆவாரம்பூ, ஆவாரம்பட்டை என்னும் வழக்குகள் அவ்விதியின் தொடர்ச்சியே. தோல் வணிகம் கையாண்டது பூவையன்று, பட்டையை. 'பட்டை' ஆங்கிலத்தில் பெயர்க்கப்பட, சாரியையோடு கூடிய முற்பகுதி செடியின் பெயராகவே நின்றுவிட்டது எனக் கொள்வதே பொருத்தம். ஆகவே, ஆங்கிலம் ஏற்றது புலவர் வழங்கிய ஆவிரையை அன்று. பதனிடுகுழிகளில் உழைத்தோர் வழங்கிய தொகைச்சொல்லின் பாதியை.

தாவரப் பட்டையால் பதனிட்ட 'கிழக்கிந்திய'த் தோல் சென்னைத் துறைமுகம் வழியே பிரித்தானியா சென்ற காலம் அச்சொல்லின் பயணக்காலம். பின்னர் வாட்டில் பட்டை ஆவாரையின் இடத்தைப் பெரிதும் பற்றியது. 1970களில் அரைப்பதனத் தோல் ஏற்றுமதி கட்டுப்படுத்தப்பட்டபின் குரோமியப் பதனிடல் பரவியது. பட்டை நீங்கிய இடத்தில் அதன் சொற்களும் நீங்குகின்றன.

சங்கப் பாடல் ஆவிரையைக் காத்தது; அதை உலகிற்குக் கொண்டுசென்றோர் சமூகம் இழிவாகக் கருதிய தொழிலினர். நம் சொற்பிறப்பாய்வு முன்னதை மட்டுமே சான்றாகக் கொள்வது முறையன்று. பட்டைக்குழி கண்ட முதியோரிடம் அவர்தம் தொழிற்சொற்களைத் தொகுப்பது காலந்தாழ்த்தக் கூடாத கடமை.