கரிக்குள் ஒரு முகம்

பிறரைச் சிரிக்க வைத்துப் பிழைப்பது எளிய தொழிலன்று. அதிலும், தன் இனத்தையே இழிவுபடுத்தும் வேடத்தை அணிந்துதான் சிரிக்க வைக்க வேண்டும் என்ற நிலை ஒரு கலைஞனுக்கு நேருமானால், அவன் கலையை நாம் எவ்வாறு மதிப்பிடுவது? பெர்ட் வில்லியம்ஸ் (1874–1922) என்ற கறுப்பின நகைச்சுவை நடிகரின் வாழ்வு இவ்வினாவை நம்முன் வைக்கிறது.

பகாமாத் தீவுகளின் நாசோ நகரில் பிறந்த வில்லியம்ஸ், சிறுவயதிலேயே பெற்றோருடன் அமெரிக்காவில் குடியேறினார். 'வாடவில்' எனும் பல்சுவை மேடை அந்நாளில் அங்குச் செழித்திருந்தது. பாட்டு, ஆட்டம், கழைக்கூத்து, கேலி நாடகம் எனப் பல துண்டு நிகழ்ச்சிகளை ஒரே மாலையில் அடுக்கித் தருவது அதன் வழக்கம். வெள்ளை நடிகர்கள் எரித்த தக்கையின் கரியை முகத்தில் பூசிக்கொண்டு, கறுப்பரை மூடராகவும் சோம்பேறிகளாகவும் காட்டிக் கைதட்டல் பெற்றனர். வெளிர்நிறம் கொண்ட வில்லியம்ஸும் அதே கரியைப் பூசிக்கொண்டே அம்மேடையில் புகழடைந்தார்.

அவரும் நண்பர் ஜார்ஜ் வாக்கரும் நடித்த 'இன் டஹோமி' என்ற இசை நாடகம், 1903-இல் நியூயார்க்கின் பிராட்வேயிலும் பின்னர் இலண்டன் பக்கிங்காம் அரண்மனையிலும் அரங்கேறியது. வாக்கர் நோயுற்று விலகியபின், 1910-இல் சீக்ஃபெல்டின் 'ஃபாலிஸ்' நிகழ்ச்சியில் வெள்ளை நடிகர்களுடன் ஒரே மேடையில் தோன்றினார். அவருடன் நடிக்க மறுத்து முரண்டியவர்களும் இருந்தனர். தாம் கண்டவர்களிலேயே மிகுதியாகச் சிரிக்க வைத்தவரும் மிகுதியாகத் துயருற்றவரும் அவரே என்ற கருத்தைச் சக நடிகர் டபிள்யூ. சி. ஃபீல்ட்ஸ் பின்னாளில் கூறினார்.

அவருடைய கலையை இன்று நாம் காண உதவுபவை ஒருசில ஊமைப்படங்களே. அவற்றுள் 1916-இல் வெளிவந்த 'எ நேச்சுரல் பார்ன் கேம்ப்ளர்' குறிப்பிடத்தக்கது. கதையோ வெறும் பழைய வார்ப்பு: சூதாடும் கறுப்பர், அவர்களைப் பிடிக்கும் சட்டம். ஆயின் அதன் இறுதிக் காட்சி நம்மை நிறுத்திவிடுகிறது. சிறையறையில் தனித்திருக்கும் வில்லியம்ஸ், இல்லாத சீட்டுகளை இல்லாத ஆட்டக்காரர்களுக்குப் பகிர்ந்தளிக்கிறார். சீட்டைப் பார்க்கும் ஆவல், எதிராளியின் மேல் ஐயம், நம்பிக்கை, ஏமாற்றம் எல்லாம் கண்ணிலும் விரல்நுனியிலும் தோன்றி மறைகின்றன. தானே கற்பித்துக்கொண்ட ஆட்டத்திலும் அவரே தோற்கிறார். கரி மூடிய அந்த முகத்தில் தோல்வியுற்ற மனிதர் ஒருவரைக் காண்கிறோம். அவருடைய இனம் அப்போது நம் நினைவுக்கு வருவதில்லை.

மற்றொரு படத்தின் கதை வியப்பானது. 'லைம் கில்ன் கிளப் ஃபீல்டு டே' 1913-இல் கறுப்பின நடிகர் பலரைக் கொண்டு எடுக்கப்பட்டு, முடிக்கப்பெறாமல் கைவிடப்பட்டது. நியூயார்க் நவீனக் கலைக் காட்சியகத்தில் நெடுங்காலம் கிடந்த அதன் சுருள்கள் ஒழுங்குபடுத்தப்பெற்று 2014-இல் மக்கள் பார்வைக்கு வந்தன. அதில் கரி பூசியவர் வில்லியம்ஸ் ஒருவரே. ஏனையோர் இயல்பான முகத்துடன் அழகிய உடையணிந்து ஆடிக் களிக்கின்றனர். ஒருவர் கரி பூசி வெள்ளையரின் வழக்கத்தை நிறைவு செய்தமையால் மற்றவர் தம் முகத்தோடு நடிக்க வழி பிறந்தது என ஆய்வாளர் சிலர் கருதுவர். காதலியுடன் அவர் குடை இராட்டினத்தில் சுற்றுவதும், விடைபெறுகையில் முத்தமிடுவதும் எள்ளலின்றிக் காட்டப்படுகின்றன. கறுப்பரின் காதலைக் கேலிப்பொருளாகவே கண்ட காலத்தில் இது அரிய காட்சி.

கரி பூசியதால் அவர் இழிவுக்கு உடன்பட்டார் எனக் குறைகூறுவோர் உண்டு. அக்குறையை முற்றிலும் தள்ளிவிட முடியாது. அவர் வேடத்தைக் கண்டு தம் தப்பெண்ணத்தை உறுதி செய்துகொண்டவர் பலர் இருந்திருப்பர். எனினும் அவ்வேடத்தைத் திணித்தவர்களை விட்டுவிட்டு அணிந்தவரை மட்டும் குற்றம் சாட்டுவது நேர்மையாகாது. கொடுக்கப்பட்ட பொய்யான முகத்தினுள் உண்மையான மனிதரை அவர் வாழவைத்தார். அதுவே அவருடைய வெற்றி. அதற்காக அவர் தம் முகத்தையே மறைக்க நேர்ந்தது அக்காலத்தின் குற்றம்.

1922 பிப்ரவரியில் டெட்ராய்ட் நகரில் நடித்துக்கொண்டிருக்கையில் மேடையிலேயே நிலைகுலைந்த அவர், மார்ச் 4-ஆம் நாள் நியூயார்க்கில் மறைந்தார். அகவை 47. சிறையறையில் அவர் ஆடிய அந்தச் சீட்டாட்டத்தைப் பார்க்கும் வாய்ப்புக் கிட்டினால், நம் சிரிப்பு எவ்விடத்தில் நின்றுபோகிறது என்பதைச் சற்றே கவனிப்போம். அவ்விடத்தில்தான் அவரை நாம் சந்திக்கிறோம்.